99.9, 92.5, 80 டச்... கொடி, கொலுசு செய்ய எந்த வெள்ளி சரி? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை நெருங்கினால் காவடிக்கூட்டம் மட்டுமல்ல, வெள்ளி வியாபாரமும் சூடுபிடிக்கும். மலையில் செலுத்த வெள்ளி வேல், மொட்டை போடும் குழந்தைக்கு அரைஞாண் கொடி, கையோடு ஒரு ஜோடி கொலுசு என்று குடும்பமாக வாங்குவார்கள். சித்தூர், நகரி பக்கமிருந்து வருபவர்கள் 'வெண்டி' என்று கேட்பார்கள். நம்மவர்கள் 'வெள்ளி' என்பார்கள். பெயர் எதுவானாலும் தராசில் ஏறுவது ஒரே உலோகம் இல்லை என்பதுதான் விஷயம்.

வேல் ஒரு கலவை, கொடி ஒரு கலவை, கொலுசு வேறொரு கலவை. எல்லாமே வெள்ளிதான். ஆனால் 100 கிராமில் எத்தனை கிராம் வெள்ளி என்பது பொருளுக்குப் பொருள் மாறும். 2025 டிசம்பரில் வெள்ளி விலை கிலோவுக்கு 2 லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு, இந்த வித்தியாசம் சில்லறைக் காசு இல்லை.

அதிலும் கையால் கம்பி இழுத்து, வளையம் வளையமாகக் கோர்த்துச் செய்யும் கொடி, கொலுசு, சங்கிலி போன்றவற்றில் கலவைதான் எல்லாமே. நகை உழைப்பதும், கறுப்பதும், திருப்பி விற்கும்போது கிடைக்கும் பணமும் அதைப் பொறுத்ததுதான். விரிவாகப் பார்க்கலாம்.

டச் என்றால் என்ன?

கடைக்காரர் '80 டச்' என்றால் 100 பங்கில் 80 பங்கு வெள்ளி, மீதி 20 பங்கு பெரும்பாலும் செம்பு என்று அர்த்தம். உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்த காலத்து ஆங்கிலச் சொல் இது. பட்டறைத் தமிழில் அப்படியே தங்கிவிட்டது. ஹால்மார்க்கில் இதையே ஆயிரத்துக்குச் சொல்வார்கள். 80 டச் என்பது 800, 92.5 என்பது 925, கட்டி வெள்ளி என்பது 999.

பழந்தமிழில் வெள்ளிக்கு 'வெண்பொன்' என்று ஒரு பெயர் உண்டு. அந்த வெண்மையைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் கூடச் சேரும் செம்புதான்.

சுத்த வெள்ளி இருக்கும்போது செம்பு எதுக்கு?

வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. 'கலப்படம்' என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். செம்பு சேர்ப்பது கலப்படம் கிடையாது. சேர்த்த அளவை மறைப்பதுதான் கலப்படம்.

சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சுத்த வெள்ளிக் கம்பியை எடுத்தால் குழந்தைகூட விரலால் வளைத்துவிடும். அதில் கொலுசுக் கொக்கி செய்தால் நாலு நாளில் வாய் பிளந்துவிடும். மலைக்குப் போகும் 365 படிகளையும் ஏறி இறங்கும் காலில் அது தாங்காது.

கம்பி எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். உருக்கிய வெள்ளியை முதலில் சின்ன பட்டையாக வார்ப்பார்கள். அதை உருளையில் கொடுத்து நீட்டி, பிறகு கம்பியச்சில் இழுப்பார்கள். கம்பியச்சு என்பது பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள் போட்ட எஃகுத் தகடு. ஒவ்வொரு துளையிலும் இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், நீளும். தடிமன் பாதியானால் நீளம் நாலு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கிராம் சுத்த வெள்ளி 12 சென்டிமீட்டர்தான் வரும். அதையே 0.3 மில்லிமீட்டருக்கு இழுத்தால் சுமார் ஒண்ணேகால் மீட்டருக்கும் மேல் நீளும்.

இப்படி இழுக்கும்போது வெள்ளி இறுகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அதனால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். செம்பு கூடக் கூட இந்த இறுக்கம் சீக்கிரம் வரும், நெருப்பில் காட்டும் தடவைகளும் கூடும். சுத்த வெள்ளியைப் பல துளைகள் தாண்டி ஒரே மூச்சில் இழுத்துவிடலாம். 80 டச் கம்பி அந்த அளவுக்குப் பொறுக்காது.

இதற்குக் காரணம் உலோகத்துக்குள் நடக்கும் ஒரு சமாச்சாரம். சூடான வெள்ளி, செம்பை ஓரளவுக்குத்தான் தனக்குள் கரைத்துக்கொள்ளும். சுமார் 780 டிகிரி செல்சியஸில்கூட நூற்றுக்கு 8.8 பங்குக்கு மேல் கரையாது. சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான். அளவு மீறினால் அடியில் தங்கும். 92.5 வெள்ளியில் இருக்கும் ஏழரைப் பங்கு செம்பு இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. 80 டச்சில் இருக்கும் 20 பங்கு அடங்காது. மிச்சச் செம்பு தனித் திட்டுகளாக வெள்ளிக்கு நடுவே நிற்கும். கம்பி விறைப்பாக இருப்பதும், வளைத்து நிமிர்த்தும்போது சட்டென்று வெடிப்பதும் அதனால்தான்.

99.9: மென்மையே பலமாகும் இடம்

அப்படியானால் சுத்த வெள்ளி கம்பி வேலைக்கு ஆகாதா? ஆகும். சொல்லப்போனால் மிக நுணுக்கமான கம்பி வேலைகளுக்கு அதுதான் வேண்டும்.

ஒடிசாவின் கட்டாக்கில் 'தாரகசி' என்றொரு கைவினை இருக்கிறது. முடி போன்ற வெள்ளிக் கம்பிகளை முறுக்கி, சுருட்டி, சட்டத்துக்குள் அடைத்து, வலைப்பின்னல் போலப் பூவும் மயிலும் செய்வார்கள். 2024இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. தெலங்கானாவின் கரீம்நகரிலும் இதே பாணி வேலை உண்டு. சுருளும் கம்பி விறைப்பாக இருந்தால் வடிவம் நிற்காது, திரும்ப விரிந்துகொள்ளும். அதனால் உள்ளே நிரப்பும் மெல்லிய கம்பிக்கு மிகச் சுத்தமான வெள்ளி. சுற்றிப் பிடிக்கும் சட்டத்துக்குத் தடிமனான கம்பி. பலம் சட்டத்தில் இருக்கிறது, அழகு உள்ளே இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? திருத்தணியிலிருந்து அரக்கோணம் தாண்டினால் காஞ்சிபுரம். அங்கே பட்டுச்சேலையில் ஓடும் அசல் சரிகையும் வெள்ளிக் கம்பிதான். மெல்லிசாக இழுத்துத் தட்டையாக்கி, பட்டு நூலைச் சுற்றி, மேலே தங்கப்பூச்சு கொடுப்பார்கள். அந்த அளவுக்கு இழுபட மென்மையான வெள்ளிதான் ஒத்துழைக்கும்.

சுத்த வெள்ளிக்கு இன்னொரு சௌகரியம், பலருக்குத் தெரியாதது. அதைச் சூடாக்கினால் மேலே கறை படியாது, ஏனென்றால் கறுக்கச் செம்பே இல்லை. கம்பி வளையத்தின் இரண்டு முனைகளையும் நெருக்கி வைத்து, உருகும் பக்குவம் வரை சுடர் காட்டினால், தானாகவே ஒட்டிக்கொள்ளும். பற்றவைக்கும் பொடி தேவையில்லை. வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரியில். அதற்கு ஒரு நொடி முன்னால் நெருப்பை எடுக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் செய்த சங்கிலியில் இணைப்புகூட 99.9 ஆகவே இருக்கும்.

கைக்குழந்தையின் கொடி, பூஜைக்கு வைக்கும் வேல், அடிபடாத பொருட்கள் - இவற்றுக்கு 99.9 தாராளமாகப் போதும். குழந்தையின் கொடி எங்காவது மாட்டிக்கொண்டால் மென்மையான கம்பி நீண்டுவிடும். உடம்பை அறுக்காமல் அது விட்டுக்கொடுப்பது நல்லதுதான்.

92.5: ஏன் உலகமே இதைப் பிடித்துக்கொண்டது?

இங்கிலாந்தின் நாணயத்திலிருந்து வந்த தரம் இது. 'ஸ்டெர்லிங்' என்று சொல்வார்கள். 1697இல் அங்கே நாணயங்களை உருக்கிப் பாத்திரம் செய்வது கட்டுமீறிப் போனதால், பாத்திரத்துக்கான தரத்தை மட்டும் 95.8க்கு உயர்த்தி, நாணயத்தை அப்படியே உருக்கி விற்க முடியாதபடி செய்தார்கள். மென்மை தாங்காமல் 1720இல் மறுபடி 92.5ஐ அனுமதித்தார்கள். அனுபவம் கற்றுக்கொடுத்த எண் என்றே சொல்லலாம்.

கம்பி நகைக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடைப்பது கடினம். இளக்கிய நிலையிலேயே சுத்த வெள்ளியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினமானது. அதே சமயம் நன்றாக இழுபடும். இதில் ஒரு நல்ல தந்திரமும் இருக்கிறது. வேலை முடிந்த நகையைச் சரியான சூட்டில் காட்டித் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு, பிறகு சுமார் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், உள்ளே கரைந்திருக்கும் செம்பு மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து நகையை இன்னும் இறுக்கிவிடும். கொக்கி, காதுக்கம்பி, கொலுசின் பூட்டு - இதெல்லாம் வளையாமல் நிற்க இது போதும். ஆனால் இதைப் பொறுமையாகச் செய்து கொடுக்கும் இடங்கள் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. நெருப்பில் காட்டும்போது 92.5இல் உள்ள செம்பு காற்றோடு சேர்ந்து, மேற்பரப்புக்கு அடியில் ஊதாச் சிவப்புக் கறையாகத் தங்கும். வெங்காரம் தடவி வேலை செய்தால் குறையும், முழுதாகப் போகாது. மெருகு போட்டால் மறையும், தேய்ந்ததும் தலைகாட்டும். நாலைந்து வருஷம் போட்ட சங்கிலியில் திட்டுத் திட்டாக நிழல் தெரிந்தால் 'வெள்ளி மோசம்' என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக ஜெர்மானியம் என்ற தனிமத்தைச் சேர்த்த 'ஆர்ஜென்டியம்' கலவை இங்கிலாந்தில் 1990களில் உருவானது. கறை படியாது, சீக்கிரம் கறுக்காது. 93.5, 96 என்று தரமும் அதிகம். கம்பி வேலை செய்பவர்களுக்கு வரப்பிரசாதம்தான். நம்ம ஊர்க் கடைத்தெருவில் கேட்டால் கிடைக்கிற சரக்கு இல்லை என்பதால் இதோடு விட்டுவிடலாம்.

80 டச்: கொலுசுக்காரர்களின் கணக்கு

தமிழ்நாட்டில் வெள்ளிக் கொலுசு என்றால் சேலம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளில் கம்பி இழுப்பது, வளையம் வெட்டுவது, கோர்ப்பது, சலங்கை பற்றவைப்பது என ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். அங்கே தயாராகும் கொலுசு ஒரே தரம் கிடையாது. 92.5 கேட்டால் 92.5, குறைந்த டச் கேட்டால் அதுவும் செய்வார்கள். என்ன டச் என்பதை ஆர்டர் கொடுக்கும் வியாபாரிதான் தீர்மானிக்கிறார்.

80 டச் கொலுசு ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. காலில் உரசி, படியில் இடித்து, ஓடியாடும் பிள்ளைகள் போடும் பொருளுக்கு விறைப்பு தேவை. விலையும் குறைவு. பதிலுக்கு அது வேகமாகக் கறுக்கும். வியர்வையும் காற்றில் உள்ள கந்தகமும் வெள்ளியைக் கறுப்பாக்கும், செம்பை அதைவிடச் சீக்கிரம் மங்க வைக்கும். கொலுசில் மஞ்சள், சிவப்பு சாயல் அடித்தால் டச் குறைவு என்று ஓரளவு ஊகிக்கலாம். புதிதாக வாங்கும்போது அது தெரியாது. மேலே சுத்த வெள்ளிப் பூச்சு கொடுத்திருந்தால் 80ம் 99 மாதிரிதான் பளபளக்கும்.

'எங்க பாட்டி கொலுசு இன்னும் அப்படியே இருக்கு, இப்ப வர்றது ஏன் இப்படி?' என்பவர்களுக்கு ஒரு பின்கதை. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம் எடை, அதில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அதாவது 91.7 சதவீதம், ஏறக்குறைய ஸ்டெர்லிங். அந்த ரூபாய்களை உருக்கி நகை செய்வது அப்போது சர்வசாதாரணம். எத்தனை ரூபாய் போட்டோம் என்று எண்ணிப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம். அரசே முத்திரை குத்திய வெள்ளி அல்லவா? 1940இல் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். 1947இல் நிக்கல் ரூபாய் வந்து வெள்ளியே போய்விட்டது. வீட்டுக்கு வீடு இருந்த அந்தத் தரக்கட்டுப்பாடும் அதோடு போனது.

கண்ணுக்குத் தெரியாத குறைவு எங்கே?

கம்பி நகையில் யாரும் பேசாத விஷயம், பற்றவைக்கும் பொடி. வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் (பல பட்டறைகளில் பித்தளையாகவே) சேர்த்துச் செய்வது. நகை உருகுவதற்கு முன்பே பொடி உருக வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சேர்மானம். எனவே பொடியில் வெள்ளி எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

வார்த்துச் செய்யும் மோதிரத்தில் இது பிரச்சினை இல்லை. ஆனால் அரைஞாண் கொடியில் நூற்றுக்கணக்கான வளையங்கள். வளையத்துக்கு ஒரு பற்று. உதாரணமாக 50 கிராம் கொடியில் 47 கிராம் 92.5 கம்பி, 3 கிராம் 65 டச் பொடி என்று வைத்துக்கொள்வோம். உருக்கிப் பார்த்தால் மொத்தத் தரம் 91க்குக் கீழே வந்துவிடும். கம்பியில் பொய் சொல்லாத பத்தர்கூட 92.5 கொடுக்க முடியாது. அதைக் கொடுக்க வேண்டுமானால் கம்பியை அதைவிட உயர்ந்த தரத்தில் எடுக்க வேண்டும், அல்லது பொடியைச் சிக்கனமாக வைக்க வேண்டும். பொடியைத் தாராளமாக அப்பிய வேலையை லேசாக அடையாளம் காணலாம்: வளையங்கள் சந்திக்கும் இடம் தடித்து, மஞ்சளடித்து, முதலில் அங்கேதான் கறுக்கும்.

காட்மியம் கலந்த பொடி கேள்விப்பட்டிருப்பீர்கள். தங்கத்தில் 'கே.டி.எம்' என்று விளம்பரமே செய்த காலம் உண்டு. சூட்டில் அதிலிருந்து வரும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நகை போடுபவரைவிட, ஊதுகுழலோடு அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

'செய்கூலி இல்லை' என்றால் சந்தோஷப்படலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் கொலுசு, 80 டச். அதில் உள்ள வெள்ளி 80 கிராம். உலோக மதிப்பு 16,000 ரூபாய். ஆனால் மொத்த எடைக்கும் அன்றைய கட்டி வெள்ளி விலையைப் போட்டால் பில் 20,000 ரூபாய். கூடுதலாகப் போன 4,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது 20 கிராம் செம்பு. செய்கூலி, சேதாரம் இல்லை என்று பலகை வைத்திருந்தாலும், கூலி இந்த இடைவெளியிலேயே அடங்கியிருக்க வாய்ப்பு உண்டு. செய்கூலி தனியாக, வெள்ளி தனியாக எழுதிக் கொடுக்கும் பில்தான் நேர்மையான பில். 3 சதவீத ஜி.எஸ்.டி. இதற்கு மேல்.

திருப்பி விற்கப் போகும்போதுதான் வலிக்கும். அங்கே மட்டும் டச் பார்த்து 80 கிராமுக்கே பணம் தருவார்கள்.

வெள்ளியே இல்லாத 'வெள்ளி'

ஜெர்மன் சில்வர் என்பதில் சொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம். குங்குமச் சிமிழ், தாம்பாளம், ஃபேன்சி கொலுசு என்று குறைந்த விலையில் கிடைக்கும். அலங்காரப் பொருளாக வாங்குவதில் தவறில்லை, வெள்ளி என்று நினைத்து வாங்கக் கூடாது. நிக்கல் பலருக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். காதுக்கம்பி, மூக்குத்தி, அலகு குத்தும் வேல் போன்று தோலைத் துளைத்துப் போகும் எதற்கும் இதைத் தவிர்ப்பது நல்லது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா என்று கேட்பார்கள். இரும்பு இருந்தால் மட்டும் தெரியும். செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவுமே காந்தத்தில் ஒட்டாது. ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. கடையில் வைக்கும் எக்ஸ்-ரே கருவி சில நொடியில் தரம் காட்டும், ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். பூச்சு தடிமனாக இருந்தால் அதையும் ஏமாற்றலாம். சந்தேகம் இருந்தால் ஓரிடத்தில் லேசாக அரம் போடச் சொல்லிவிட்டு அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹால்மார்க் பார்ப்பது எப்படி?

தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயம். வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணுடன் புதிய ஹால்மார்க் வந்தபோது, அது விருப்ப அடிப்படையில்தான் அறிமுகமானது. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும்.

முத்திரையில் மூன்று இருக்க வேண்டும்: 'சில்வர்' என்ற சொல்லுடன் பி.ஐ.எஸ். சின்னம், தர எண், ஆறு எழுத்து-எண் கலந்த குறியீடு. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்தக் குறியீட்டை அடித்தால் நகையின் விவரம் வரும். கம்பி நகையில் முத்திரை குத்த இடம் கம்மி, அதனால் கொக்கியிலோ பூட்டுத் தகட்டிலோ தேடுங்கள். தர எண்களில் 990, 970, 925, 835, 800 ஆகியவை உண்டு. 800க்குக் கீழே தரமே கிடையாது. 70 டச், 75 டச் கொலுசுக்கு ஹால்மார்க் கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

சரி, பத்தரிடம் சொல்லிச் செய்தால்?

கையால் செய்து வாங்குபவர்கள் பாகத்துக்குப் பாகம் கலவையைப் பேசிவிடலாம். கொடியின் உடல் 99.9 அல்லது 97, கொக்கி மட்டும் 92.5 என்று கேட்கலாம், தவறே இல்லை. தினமும் காலில் கிடக்கும் கொலுசு என்றால் 92.5 போதும், அதைத் தாண்டிச் சுத்தம் கேட்டால் உழைப்பு குறையும். பெரிய வளையம், தடித்த கம்பி என்றால் பற்றுகளும் குறையும், தரமும் நிற்கும்.

பழைய வெள்ளியைக் கொடுத்துச் செய்வதாக இருந்தால், முதலில் அதை உருக்கச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே. உருக்கிய கட்டியை நிறுத்து, டச் பார்த்து, இரண்டு எண்ணையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய கொலுசில் அழுக்கும் அரக்கும் பற்றும் சேர்ந்து எடை காட்டியிருக்கும், உருக்கும்போது குறைவது இயல்பு. நகை கைக்கு வரும்போது எடையோடு டச்சும் சேர்த்துச் சரிபாருங்கள். 100 கிராம் கொடுத்து 100 கிராம் வாங்கினோம் என்று எடையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தால், நீங்கள் கொடுத்தது 91ஆ, வாங்கியது 80ஆ என்பது தராசுக்குத் தெரியாது.